கோழிக்கூண்டை வாத்துக்கூண்டு என்று விற்கிறார்கள்

வீட்டில் 4 வாத்து இருக்கிறது. 3 பெட்டை, 1 ஆண், எல்லாம் காக்கி கேம்பெல் என்கிற ரகம். குஞ்சாக வந்தபோது அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வளர்த்தோம், கொஞ்சம் பெரிசானதும் கொல்லைத் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து விட்டோம், அவையும் அதுதான் தங்கள் வீடு என்று முடிவு பண்ணிவிட்டன. தினமும் காலையில் தாழ்வாரத்தைக் கழுவுவது அம்மா. மூன்றாவது மாதம் "ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அப்படி வாங்கியதுதான் இந்தக் கூண்டு.

விலை 7,800. 4 அடிக்கு 4 அடி, இரும்புச் சட்டம், மேலே தகரம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால், ஏறுவதற்கு ஏணி, உள்ளே குறுக்காக ஒரு கம்பு. "8 வாத்து வரை" என்று போட்டிருந்தார்கள். கம்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கோழிதான் கம்பில் ஏறி உட்கார்ந்து தூங்கும். மணிலா வாத்து வேண்டுமானால் ஏறும். நாட்டு வாத்து, காக்கி கேம்பெல் எல்லாம் தரையில் வயிறு பதியப் படுக்கிற ஜாதி. அந்த ஏணியில் வாத்து ஏறுவதும் நான் தென்னை மரம் ஏறுவதும் ஒன்று. போன் பண்ணிக் கேட்டால் "பழகிடும் சார்" என்றார்கள்.

முதல் நாள் இரவு ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டுப் பூட்டினேன். ராத்திரி 2 மணி வரை கத்தல். ஆண் வாத்துக்குத் தொண்டை கட்டின மாதிரிக் குரல், அது போனால் போகிறது, மூன்று பெட்டைகளும் சேர்ந்து கத்தினால் தெரு தாங்காது. பக்கத்து வீட்டு அத்தை காலையில் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும்.

மறுநாள் வெல்டிங் பட்டறைக்காரரை வரவழைத்துக் கூண்டின் கால்களை வெட்டித் தரையோடு உட்கார வைத்தேன், ஏணி போயே போச்சு. அடித்தளம் வெறும் கம்பி வலை. சவ்வுப் பாதத்துக்கு அது ஆகவே ஆகாது, புண் வந்துவிடும். ரப்பர் மேட் போட்டு அதன் மேல் நாலு விரல் உயரத்துக்கு நெல் உமி பரப்பினேன். பக்கவாட்டு வலையில் ஒன்றரை அங்குல இடைவெளி, கீரிக்குட்டி தாராளமாக நுழையும், மரநாய் வெளியில் இருந்தபடியே கையை விட்டு இழுக்கும். அதன் மேல் அரை அங்குல வெல்டு மெஷ் சுற்றினேன். கதவுக்கு வெறும் கொக்கி, நாய் மூக்கால் தள்ளினால் திறந்துகொள்ளும், அதனால் நாதாங்கி வைத்து ஒரு பூட்டு. எல்லாம் சேர்த்து இன்னொரு 2,100. 8 வாத்து என்பதும் கதைதான், ஒரு வாத்துக்கு நாலு சதுர அடியாவது வேண்டும், ஆக 4தான் கணக்கு.

கூண்டு சரியான பிறகும் அதுகள் சரியாகவில்லை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள், ராத்திரிக்கு வலை கட்டிப் பட்டி போட்டு நூற்றுக்கணக்கில் அடைப்பார்கள். அதில் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். "துரத்தாதீங்க தம்பி, ரெண்டு கையிலயும் கம்பு புடிச்சு பின்னால மெதுவா நடங்க, முன்னால போறது உள்ள போயிட்டா மத்தது தானா போயிடும்" என்றார். இதற்கு முன் நான் செய்ததெல்லாம் துரத்தல்தான்.

கூண்டைத் தாழ்வாரத்தை ஒட்டியே வைத்தேன், அவை படுத்த பழைய சாக்கையே உள்ளே விரித்தேன். பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். சாயங்காலம் 6 மணித் தீனி உள்ளே மட்டும்தான், ஊறவைத்த நெல்லும் தவிடும், பக்கத்திலேயே தண்ணீர், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் தின்றால் வாத்துக்குத் தொண்டையில் அடைக்கும். இருட்டில் சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு முட்டிக்கொண்டன, ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டதும் பாதிக் கத்தல் அடங்கியது. மீதிக் கத்தலுக்கு நான் போகவே இல்லை. போனால் கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். ஒன்பதாம் நாள் நான் கம்பை எடுப்பதற்கு முன்பே நான்கும் உள்ளே நின்றன. அதன் பிறகு வாரம் இரண்டடி, மூன்றடியாக நகர்த்தி இப்போது மாமரத்தடியில் இருக்கிறது. பழகும் நாட்களில் கவனித்த ஒன்று: வரிசையில் ஓரத்தில் படுக்கிற வாத்து வெளிப்பக்கக் கண்ணை மட்டும் திறந்து வைத்துத் தூங்கும். 1999ல் அமெரிக்காவில் காட்டு வாத்துகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள், மூளையில் பாதி தூங்குமாம், பாதி காவல் காக்குமாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சட்டம் உறுதி, பெயின்ட் இன்னும் உரியவில்லை, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றோட்டத்துக்கு நன்றாக இடம் விட்டிருக்கிறார்கள். வாத்து எச்சம் தண்ணியாக இருக்கும், காற்று வராவிட்டால் நெடி கண்ணை எரிக்கும், அந்தத் தொல்லை இதில் இல்லை. தகரம் மட்டும் வெயிலில் கொதிக்கிறது, மேலே கீற்று போட்டிருக்கிறேன். முட்டையிட ஆரம்பித்துவிட்டன, விடியும் முன்பே இட்டுவிடும் என்பதால் 8 மணிக்கு மேல் திறந்துவிட்டால் முட்டை எல்லாம் உமியிலேயே கிடைக்கிறது. சுவரில் உயரமாக மாட்டித் தந்த முட்டைப்பெட்டியை ஒன்றும் சீண்டவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கோழி வளர்ப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வாத்துக்கென்றால் போன் போட்டுக் கால் இல்லாமல், அரை அங்குல வலையோடு செய்து தரச் சொல்லுங்கள். போன வாரம் விசாரித்தபோது "செஞ்சு தருவோம் சார், கால் இல்லன்னா 500 ரூபாய் குறையும்" என்றார்கள்.