ஸ்காபரோ பிளாசாவுக்கு வின்ரர் கொன்ராக்ற்: கூரைக்கு அஞ்சு ஸ்ரார், உப்புக்கு ஒண்டுதான்

எங்கட பிளாசா ரொறன்ரோ ஸ்காபரோவில, மார்க்கம் றோட்டுப் பக்கம், பழைய ஒரு மாடி பில்டிங், தட்டைக் கூரை, பின்னுக்கு லோடிங் டோர். பேக்கரி, சலூன், நகைக்கடை, மரக்கறிக்கடை, அதோட ஆக்கள் விட்டுட்டுப் போன வெறும் யூனிற் ஒண்டு. மனேஜ் பண்றது நான். முந்தி ஸ்னோ வழிக்கிற ஆளோட மட்டும்தான் கொன்ராக்ற், இந்த முறை பில்டிங்கையே வின்ரருக்கு ரெடி பண்ணி ஸ்னோவும் வழிக்கிற ஒரு கொம்பனிக்கு மொத்தமாக் குடுத்தம். பேர் போடேல்லை, ஏன் எண்டு கீழ வாசிச்சா விளங்கும்.

முதல்ல நல்லதைச் சொல்லுறன். ஒக்டோபர் தொடக்கத்திலயே வந்திட்டினம். இது சின்ன விசயம் இல்லை. முதல் குளிர் ராத்திரிக்குப் பிறகு காஸ் ரெக்னீசியனுக்குக் கோல் பண்ணிப் பாருங்கோ, முழு ஸ்காபரோவும் லைனில நிக்கும். வந்த பெடியனிட்ட லைசென்ஸ் கேட்டன், முகம் சுளிக்காம காஸ் வேலைக்கான ஜி2 கார்ட்டை எடுத்துக் காட்டினவன். ஒன்ராறியோவில ரி.எஸ்.எஸ்.ஏ. (காஸ் மாதிரி விசயங்களின்ர பாதுகாப்பைப் பாக்கிற அமைப்பு) லைசென்ஸ் இல்லாதவன் காஸ் ஹீற்றரில கை வைக்கக் கூடாது, கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ. கூரையில இருக்கிற ஹீற்றிங் யூனிற் ஒவ்வொண்டையும் திறந்து பெல்ற், ஃபில்ரர் மாத்தி, காஸ் புகையையும் கடைக்கு வாற காத்தையும் பிரிக்கிற ஹீற் எக்ஸ்சேஞ்சரில வெடிப்பு இருக்கோ எண்டு லைற் அடிச்சுப் பாத்தவன். அது வெடிச்சிருந்தா கார்பன் மொனொக்சைட் கடைக்குள்ள வரலாம், மணமும் இல்லை நிறமும் இல்லை, தலையிடி எண்டு பனடோல் போட்டுக்கொண்டு இருப்பினம் சனம்.

கூரைக்கு நானும் ஏறிப் பாத்தனான். மழைத்தண்ணி இறங்கிற ட்ரெயினுக்கு மேல இருக்க வேண்டிய மூடி ஒண்டைக் காணேல்லை, ஓட்டைக்குள்ள இலை, பிளாஸ்ரிக் பை, கடல்பறவையள் கீழ கார்பேஜில இருந்து தூக்கிக் கொண்டந்து தின்டுபோட்டு விட்ட கோழி எலும்பு. இதை எடுக்காம விட்டா நவம்பர் மழை அப்பிடியே தேங்கும், பேந்து உறையும், அதுக்கு மேல ஸ்னோ விழும். 10 சென்ரிமீற்றர் தண்ணி நிண்டாலே சதுர மீற்றருக்கு 100 கிலோ, எழுபது எண்பதுகளில கட்டின கூரை அதை எத்தினை நாளைக்குத் தாங்கும் எண்டு ஆர் பாத்தது. எல்லாத்தையும் வழிச்சு, புது மூடி போட்டு, வழிக்க முன்னமும் வழிச்ச பிறகும் படம் எடுத்து ரிப்போட்டில போட்டிருந்தவை.

எனக்குப் பிடிச்ச வேலை பேக்கரியின்ர பின் வோஷ்றூமில நடந்தது. சீலிங் ரைலைத் தூக்கிப்போட்டுப் பெடியன் கையை உள்ளுக்க விட்டான், என்னையும் விடச் சொன்னான், குளிர்காத்து சில்லெண்டு அடிக்குது. வெளிச்சுவரோட ஒட்டினபடி தண்ணிக் குழாய் போகுது, அதுக்குப் பின்னால இருந்த இன்சுலேஷன் வழுகி விழுந்து கீழ கிடக்கு. நான் நினைச்சது குழாயைச் சுத்திப் பஞ்சைத் திணிப்பான் எண்டு. அப்பிடிச் செய்யேல்லை, வெளிச்சுவர்ப் பக்கம் மட்டும் ஃபோம் போர்ட் வைச்சு, காத்து வாற வெடிப்பை ஸ்ப்ரே ஃபோமால அடைச்சு, றூம் பக்கத்தைத் திறந்தே விட்டான். உள் சூடு குழாய்க்கு வரவேணும், ரெண்டு பக்கமும் மூடினா அது குளிருக்குள்ள தனிய நிண்டு உறையும் எண்டவன். தண்ணி உறையேக்க 9 சதவீதம் அளவில பெருக்கும், ஆனா குழாய் ஐஸ் நிக்கிற இடத்திலதான் வெடிக்கும் எண்டு இல்லை, ஐஸுக்கும் பூட்டின ராப்புக்கும் நடுவில பிரஷர் ஏறி வேற இடத்தில வெடிக்கும், அதுவும் உருகேக்கதான் தெரியும், அப்பிடி எண்டா ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டின நேரம் எண்டு வையுங்கோ.

லோடிங் ரூமில நெருப்பு அணைக்கிற ஸ்பிரிங்க்ளர் குழாய்க்குள்ள எப்பவும் தண்ணி நிக்கும், அந்த இடம் 4 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது. மரக்கறி இறக்க வாறவை கதவை ஆவெண்டு திறந்து வைச்சிட்டுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறவை, அதால அங்க ரெம்பரேச்சர் குறைஞ்சா எனக்கு ஃபோனுக்கு மெசேஜ் வாற மாதிரி ஒரு சென்சர் பூட்டிவிட்டவை. வெறும் யூனிற்றில ஹீற்றை ஓஃப் பண்ணி மிச்சம் பிடிக்கப் பாக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன், குழாய் உறைஞ்சு வெடிச்சா காசு தருவினமோ எண்டு உங்கட இன்சூரன்ஸ் பொலிசியை ஒருக்கா வாசியுங்கோ. நாங்கள் 15 டிகிரியில விட்டிருக்கிறம். ஒவ்வொரு யூனிற்றின்ர மெயின் வால்வுக்கும் அட்டை கட்டி நம்பர் போட்டவை, அதுக்குக் கீழ நான் தமிழில எழுதிவிட்டனான். 2013 டிசம்பர் ஐஸ் ஸ்ரோமுக்கு ரொறன்ரோவில 3 லட்சம் ஹைட்ரோ கஸ்ரமருக்குக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். காஸ் வந்தாலும் கரண்ட் இல்லாம கூரை யூனிற்றின்ர ஃபான் சுத்தாது, அப்ப வால்வு எங்க எண்டு இருட்டில தேடேலாது.

இதோட நிப்பாட்டியிருந்தா அஞ்சு ஸ்ரார் போட்டிருப்பன். ஸ்னோவுக்கு வருவம்.

கொன்ராக்ற் இப்பிடி: ஸ்னோ வழிக்கிறது சீசனுக்கு ஒரே விலை, 5 சென்ரிமீற்றர் விழுந்தா வருவினம். ஐஸ் உருக உப்பு போடுறதுக்கு ஒவ்வொரு முறைக்கும் தனிக்காசு. இதை வாசிச்சு சைன் வைக்கேக்க ஒண்டும் தெரியேல்லை, ஜனவரியில விளங்கிச்சுது. வழிக்கிறதுக்கு எத்தினை தரம் வந்தாலும் அவைக்கு ஒரு சதமும் கூட வராது, அதால பிந்தி வருவினம். உப்புக்குக் காசு வரும், அதால காய்ஞ்ச தரையிலயும் கொட்டுவினம். மைனஸ் 18 எண்டு ஒரு காலமை, கல்லுப்பு அள்ளிக் கொட்டிக் கிடக்கு, காலுக்குக் கீழ நெறுநெறு எண்டுது, ஐஸ் அப்பிடியே இருக்கு. சாதாரண உப்பு மைனஸ் 10 அளவுக்குக் கீழ போனா பெரிசா வேலை செய்யாது, கல்சியம் குளோரைட் கலந்தது வேணும், இல்லாட்டி மண்ணாவது போடவேணும், இது எனக்கே தெரியும் எண்டா அவைக்குத் தெரியாதோ. நகைக்கடைக் காப்பற் வெள்ளையாப் போச்சுது, பின்கதவு இரும்பு கறள் பிடிச்சிட்டுது, மிச்சம் எல்லாம் ட்ரெயினால ஓடி ஹைலண்ட் கிறீக்குக்குத்தான் போகும்.

வழிச்ச ஸ்னோவைக் குவிச்ச இடத்தைப் பாத்தா இன்னும் கோவம் வரும். ஒருக்கா வீல்செயார் பார்க்கிங்கில. ஒருக்கா காஸ் மீற்றருக்கு மேல. மீற்றர் பக்கத்தில இருக்கிற காஸ் பிரஷரைக் கட்டுப்படுத்திற ரெகுலேட்டரின்ர வென்ற் துவாரம் மூடுப்பட்டா ஆபத்து, இதை ஒக்டோபரில அவையின்ர பெடியனே ரிப்போட்டில சிவப்பால எழுதினவன். ரெண்டு ரீமும் ஒரே கொம்பனி, ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறேல்லை போல.

ஸ்ராரைக் குறைச்சது லொக் (வேலைப் பதிவு) விசயத்தில. வந்த நேரம், போட்ட உப்பு எல்லாம் அப்பில பதிஞ்சு அனுப்புவினம், பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் விடிய 3:40க்கு உப்பு போட்டது எண்டு லொக் சொல்லுது. பேக்கரிக்காரர் சொல்லுறார், "அண்ணை, நான் மூண்டு மணிக்கே வந்திட்டன், ஒரு ரக்கும் இந்தப் பக்கம் வரேல்லை, நான்தான் வீட்டில இருந்து கொண்டந்த உப்பை வாசலில போட்டனான்." கமராவைப் போட்டுப் பாத்தம், அவர் சொன்னது சரி. கொம்பனிக்கு அனுப்பினாப் பிறகு மன்னிப்பும் கேட்டு அந்தக் காசையும் கழிச்சவை, ட்ரைவர் பக்கத்துப் பிளாசாவோட மாறிப் பதிஞ்சிட்டாராம். இருக்கலாம். ஆனா 2021 ஜனவரியில இருந்து ஒன்ராறியோ சட்டத்தில தனியார் இடத்தில ஸ்னோவிலயோ ஐஸிலயோ வழுக்கி விழுந்தவர் 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கவேணும், அந்தக் கடிதம் வாற நேரம் எங்களிட்ட இருக்கிறது இந்த லொக் ஒண்டுதான். அது பொய் எண்டு ஒருக்கா தெரிஞ்சா மிச்ச நாளை ஆர் நம்புவான், வக்கீல் நம்புவாரோ?

பேக்கரிக்காரர் இன்னொண்டும் கேட்டவர், "இந்த உப்புக் காசும் ரி.எம்.ஐ.யிலயோ அண்ணை வரும்?" ரி.எம்.ஐ. எண்டா வரி, பராமரிப்பு, இன்சூரன்ஸ் செலவு. வரும். வாடகையோட சேத்துக் கட்டுறது கடைக்காரர்தான், அதால பில்லை எல்லாருக்கும் வரி வரியாக் காட்டினன், சலூன் அக்கா ஏசினது இஞ்ச எழுதேலாது.

கொன்ராக்ற் எடுக்கப் போறவை, உப்பையும் சேத்து ஒரே விலை கேளுங்கோ, ஸ்னோ எங்க குவிக்கிறது எண்டு பார்க்கிங் படத்தில கீறி சைன் வாங்குங்கோ, தீயணைப்பு ஹைட்ரன்ற், காஸ் மீற்றர், வீல்செயார் பார்க்கிங் மூண்டையும் சிவப்பால அடையாளம் போடுங்கோ. நான் அடுத்த ஒக்டோபர் வேலையைத் திரும்ப இவையிட்டயே குடுக்கப் போறன், அந்தப் பெடியன் நிண்டா. ஸ்னோவுக்கு வேற ரெண்டு கொட்டேஷன் வந்து கிடக்கு, ஒண்டு மலிவு, மற்றது உப்பையும் சேத்து ஒரே விலை, போன வருசத்து லொக்கும் கேட்டவுடன அனுப்பினவை, அவையோடதான் இப்ப கதைச்சுக்கொண்டு இருக்கிறன்.