வீட்டிலேயே கார் சார்ஜ்: நாள்பட்ட பயன்பாட்டில் எது நிற்கிறது, எது உருகுகிறது

மின்சாரக் காருக்குப் புதிதாக மாட்டிய சார்ஜர் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். மட்டமான வயரிங்கில்கூட ஓடும். குறை வெளிப்படுவது பல மாதம் கழித்து, புழுக்கமான ஓர் இரவில், சாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் வாடை வரும்போதுதான். கீசரும் 15 ஆம்பியர் வரை இழுக்கும். ஆனால் தண்ணீர் சுட்டதும் தெர்மோஸ்டாட் வெட்டிவிடும். கார் அப்படியல்ல, அதே கரண்டை ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். வீட்டில் இப்படி ஓடும் லோடு வேறொன்று கிடையாது. அதனால் எந்த சார்ஜர் வாங்கலாம் என்று தேடும் நேரத்தில் பாதியையாவது வயர், இணைப்பு, எர்த் மூன்றுக்கும் ஒதுக்குவது நல்லது. கீழே உள்ள கணக்குகள் 230 வோல்ட் சிங்கிள் பேஸ் இணைப்புக்கானவை.

சுவரில் மாட்டும் பெட்டியை சார்ஜர் என்கிறோம். உண்மையில் அது பாதுகாப்புச் சோதனைகள் செய்யும் ஒரு சுவிட்ச். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. இத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பெட்டி சொல்லும், கார் அதற்குள் எடுத்துக்கொள்ளும். காரின் ஆன்-போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் 7.4 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3க்கு மேல் ஏறாது. சிங்கிள் பேஸ் மட்டும் ஏற்கும் காருக்கு மூன்று பேஸ் 11 கிலோவாட் பெட்டி வாங்குவதும் இதே கதைதான். ஆன்-போர்டு சார்ஜரின் அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் முன்னால், எவ்வளவு வேகம் தேவை என்ற கேள்வி இருக்கிறது. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, கிலோமீட்டருக்கு 150 வாட்-அவர் வைத்தால், 6 யூனிட் போதும். சேதாரத்தோடு 7 யூனிட். 3.3 கிலோவாட்டில் இது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரவு முழுக்க வீட்டில் நிற்கும் காருக்கு 7.4 கிலோவாட், அதாவது 32 ஆம்பியர், கட்டாயமே இல்லை. பேட்டரி பெரிது, அல்லது ஒரே இரவில் அடியிலிருந்து நிரப்பிவிட்டு விடியற்காலையில் கிளம்ப வேண்டும், அல்லது மின் கட்டணம் குறைவான நேரம் சில மணிதான் என்றால் 32 ஆம்பியர் லைன் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் போதும் என்று முடிவு செய்தால், அதிகம் கெடுவது அந்த சாக்கெட்தான். பிளக் பின்னுக்கும் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்விக்கும் இடையே 0.1 ஓம் தடை உண்டானால் 15 ஆம்பியரில் அங்கே 22 வாட் சூடு பிறக்கும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் செருகி இரவெல்லாம் விட்டதற்குச் சமம். சூட்டில் கவ்வி இளகும், இளகினால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். எம்.சி.பி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், இதைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிவது கரண்டின் அளவு மட்டும். கரண்ட் மாறாமல் அதே 15 ஆம்பியர்தான் ஓடுகிறது. ஆகவே காருக்கென்று தனி சாக்கெட், கனமான பித்தளைக் கவ்வி உள்ள தொழிற்சாலை ரகமாக இருந்தால் சிறப்பு. தினமும் பிடுங்கிச் செருகாமல் பிளக்கை அதிலேயே விட்டுவிட்டு, சுவிட்சையும் கார் முனையையும் மட்டும் இயக்கினால் ஆயுள் கூடும். எக்ஸ்டென்ஷன் பெட்டி, மல்டி பிளக், மூன்று பின்னை மாற்றும் அடாப்டர் எதுவும் இடையில் வரக்கூடாது. பழைய சாக்கெட்தான் இருக்கிறது என்றால், சார்ஜரில் 10 ஆம்பியர் தேர்வு இருந்தால் அதில் வையுங்கள். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவது என்பதால் 15லிருந்து 10க்கு இறக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

வயர் விஷயத்தில் எலெக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் சொல்வது, 16 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 32க்கு 6 ஸ்கொயர். தூரம் குறைவாக இருந்தால் சரிதான். காப்பர் வயரில் ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு, ஒரு ஆம்பியருக்கு, போக வர இரண்டையும் சேர்த்து 4 ஸ்கொயரில் 11 மில்லிவோல்ட், 6 ஸ்கொயரில் 7.3, 10 ஸ்கொயரில் 4.4 இழப்பு. மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கு 6 ஸ்கொயரில் 32 ஆம்பியர் போனால் 7 வோல்ட் போய்விடும். இது 3 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். 50 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 12 வோல்ட். அங்கே 10 ஸ்கொயர் போடுவதே முறை. 32 ஆம்பியர் தொடர் லோடுக்கு 40 ஆம்பியர் எம்.சி.பி போடுவது வழக்கம், ஏனென்றால் மூடிய பெட்டிக்குள் 32 ஆம்பியர் எம்.சி.பி சூடேறி நடுவில் விழும். ஆனால் எம்.சி.பி காப்பது வயரை. வெயில் படும் சுவரில் குழாய்க்குள் ஓடும் 6 ஸ்கொயர் பி.வி.சி வயர் 40 டிகிரி சூழலில் 36 ஆம்பியருக்கு மேல் தாங்காது. அப்படிப்பட்ட இடத்தில் 40 ஆம்பியர் எம்.சி.பி போட்டால் வயரும் 10 ஸ்கொயர் ஆக வேண்டும். இல்லையேல் சார்ஜரை 25 ஆம்பியருக்குக் குறைத்து வைத்து 32 ஆம்பியர் எம்.சி.பியோடு நிறுத்திக்கொள்ளலாம். பல பெட்டிகளில் உச்ச கரண்ட்டைக் குறைக்கும் வசதி உள்ளே இருக்கும்.

பலஇழை வயரை அப்படியே முறுக்கி டெர்மினலில் திணிப்பது பரவலான தவறு. சில மாதச் சூடும் குளிர்ச்சியும் பட்டதும் இழைகள் அமுங்கி ஸ்க்ரூ தளரும். அளவுக்கேற்ற லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல்) வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்ய வேண்டும், சால்டர் வைத்துக் கெட்டியாக்கக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து மீண்டும் தளரும். எப்படி இருந்தாலும், பொருத்தி ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். பிறகு வருடத்துக்கு ஒன்று. நடுவே சந்தேகம் வந்தால், முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடிய பின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எம்.சி.பி, ஐசொலேட்டர், சாக்கெட் முகப்பை வரிசையாக அளந்தால் போதும். பேஸ் பக்கம் 45, நியூட்ரல் பக்கம் 65 என்று ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால் தளர்வு அங்கேதான்.

கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்.சி.சி.பியில் வகை முக்கியம். வீடுகளில் இருக்கும் ஏ.சி வகை, காரிலிருந்து டி.சி கசிவு வந்தால் அதன் காந்த வளையம் நிறைந்து செயலிழந்துவிடும். அதாவது வேறு யாருக்காவது ஷாக் அடித்தாலும் விழாது. 6 மில்லி ஆம்பியர் டி.சி கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ‘ஏ’ வகை போதும். இல்லாவிட்டால் விலை கூடிய ‘பி’ வகை வேண்டும். வீட்டுப் பொது ஆர்.சி.சி.பிக்குக் கீழே கார் லைனைக் கொண்டுவர வேண்டாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் என்று எல்லாவற்றின் சின்னக் கசிவும் கூடி நள்ளிரவில் வீடே இருண்டுவிடும். மீட்டருக்கு அடுத்து மெயினிலிருந்தே தனி லைன் பிரிப்பது நல்லது. பிரிக்கும் இடம் இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி எர்த். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி மறுக்கும் சம்பவங்களில் பெரும்பங்கு இதனால்தான். எர்த் இல்லை, அல்லது எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட் அதிகம். அப்போது சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். விளக்கும் பச்சையாகிவிடும். எங்கோ ஒரு நியூட்ரல் அறுந்தால் காரின் உடல் முழுவதிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். கதவைத் தொடுபவர் கதி அதோகதி. எர்த் குழியைச் சரிசெய்து, பேஸ் வயர் அளவுக்கே எர்த் வயரும் இழுப்பது ஒன்றே வழி. ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் எர்த் கோளாறு என்று காட்டினால், அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதக்கிறது என்று பொருள். அந்த இணைப்பு ஜெனரேட்டர் பக்கத்தில் தகுதியுள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. வோல்ட் குறைந்தால் சார்ஜ் மெதுவாகும், மிகவும் குறைந்தால் நின்று பிறகு தொடரும். இடி மின்னல் அதிகமான பகுதியில் அந்தப் பணத்துக்கு டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் போடலாம்.

அன்றாடப் பயன்பாட்டில் எரிச்சல் தருவது டைமர். காரின் திரையிலும் சார்ஜர் ஆப்பிலும் இரண்டிலும் நேரம் குறித்தால் ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும், காலையில் பேட்டரி ஏறியிருக்காது. ஒன்றில் மட்டும் குறியுங்கள்; காரில் வைப்பது மேல், வைஃபை போனாலும் வேலை செய்யும். சோலார் உபரியில் மட்டும் ஏற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 6 ஆம்பியருக்குக் கீழே, அதாவது சுமார் 1.4 கிலோவாட்டுக்குக் கீழே, பெரும்பாலான கார்கள் ஏற்றாது. மேகம் வந்து போகும்போதெல்லாம் நின்று நின்று தொடங்கும்.

மீட்டரில் ஓடிய யூனிட்டும் காரின் திரை காட்டும் யூனிட்டும் ஒத்துப்போகாது, அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். சார்ஜ் ஆகும்போது காரின் பம்பும் கணினிகளும் 200 முதல் 300 வாட் வரை தின்னும். 10 ஆம்பியரில் அது பத்தில் ஒரு பங்கு. 32 ஆம்பியரில் முப்பதில் ஒரு பங்கு. மெதுவாக ஏற்றினால் மின்சாரம் மிச்சமாகும் என்பது தவறு, ஓரளவு கூடவே செலவாகும்.

காரில் செருகும் கேபிள் முனையான கன்னைத் தரையில் போடாமல் மாட்ட ஒரு கொக்கி வேண்டும். மூடி இல்லாமல் விட்டால் எறும்பும் குளவியும் குடியேறும். கேபிளைச் சுருட்டி வைத்தபடி சார்ஜ் செய்யக்கூடாது, உள்சுற்று சூடாகும். பெட்டிக்குள் வயர் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையுமுன் ஒரு வளைவு தொங்கினால் மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும். சார்ஜ் முடிந்தும் டைப் 2 கன் கழன்று வராமல் அடம்பிடித்தால் இழுத்து உடைக்காதீர்கள். காரைப் பூட்டித் திறந்து பாருங்கள், கன்னை உள்ளே லேசாக அழுத்திக்கொண்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பல கார்களில் அவசர விடுவிப்புக் கயிறு ஒன்று டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குள்ளோ பானட்டுக்கு அடியிலோ இருக்கும்; இடத்தைக் கையேட்டில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.