அம்மாவின் மொபைல் ஹோமை விற்க: படிவமா, நீதிமன்றமா?

கலிபோர்னியாவில் மொபைல் ஹோமுக்கு, அதாவது தொழிற்சாலையில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் வீட்டுக்கு, உரிமைப் பத்திரம் தருவது மாநில வீட்டுவசதித் துறை. அதில் இறந்துபோன அம்மாவின் பெயரே இருந்தால், பிள்ளைகள் நேரடியாக விற்க முடியாது. வழி இரண்டு.

ஒன்று, புரோபேட் (இறந்தவரின் சொத்தை நீதிமன்ற மேற்பார்வையில் வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறை) இல்லாமல் பெயர் மாற்றும் அந்தத் துறையின் படிவம். இறந்து 40 நாள் கழிந்திருக்க வேண்டும். புரோபேட்டுக்குப் போகவேண்டிய வேறு சொத்து இருக்கக் கூடாது. வீட்டின் மதிப்புக்கு வரம்பில்லை என்பதுதான் பெரிய நிம்மதி. இறப்புச் சான்றிதழோடு, உரிமையுள்ள வாரிசுகள் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். பொய் சொன்னால் குற்றம்.

இன்னொன்று நீதிமன்றம் வழியாகப் புரோபேட். நியமிக்கப்படும் நிர்வாகி கையெழுத்திட்டு விற்கலாம். பல மாதம் இழுக்கும், வக்கீல் செலவும் உண்டு. ஆனால் அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் இதுதான் சரி. ஒத்துப்போகிற குடும்பத்துக்கு நான் படிவத்தையே சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் பழைய பத்திரத்தை எடுத்து, கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும் வரியைப் பாருங்கள். கடன் என்றோ அடைந்திருக்கும். பெயர் மட்டும் அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவரிடம் விடுவிப்புக் கையெழுத்து வாங்காமல் விற்பனை நகராது. உள்ளூர்ச் சொத்துவரியில் இருக்கும் வீடென்றால் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) வரி அலுவலகத்தின் பாக்கியில்லாச் சான்றும் வேண்டும்.

அப்புறம், நிரந்தர அடித்தளத்தில் பதித்து நிலத்தோடு சேர்த்துப் பதிவான வீட்டுக்கு இந்தப் படிவம் செல்லாது. அது மற்ற வீடுகளைப் போல அசையாச் சொத்து.