ஆடிக் காற்றும் பைக் தீயும்: எந்த அணைப்பானை நம்பலாம்?

ஆடி மாதத்தில் பணகுடியைத் தாண்டித் தெற்கே பைக்கில் போகிறவர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் மேல்காற்று வண்டியை இடப்புறமாகத் தள்ளுவதைக் கைப்பிடியிலேயே உணர்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு வண்டிகளில் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டபோது, காவல்கிணறு விலக்குக்குச் சற்று முன்னால் தேநீருக்காக நிறுத்திய இடத்தில், நண்பர் ஒருவருடைய பழைய 350 சிசி வண்டியின் டேங்குக்கு அடியிலிருந்து தீ எழுந்தது. கார்புரேட்டரில் மிதவை சிக்கிக்கொண்டதால் வழிந்த பெட்ரோல், சூடான இன்ஜின்மேல் சொட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் கரியமில வாயு உருளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடித்தார். வெண்புகை பாதி வழியிலேயே காற்றோடு திரும்பி ராதாபுரம் திசையில் போய்விட்டது. தீ ஒரு கணம் குனிந்து மறுபடியும் நிமிர்ந்தது; இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. அதற்குள் பின்னால் வந்தவர் ஒருவர் "ஏலே, மொதல்ல டேப்ப அடைல!" என்று கத்த, நண்பர் கையைச் சுட்டுக்கொண்டாலும் பெட்ரோல் டேப்பை அடைத்துவிட்டார். அங்கே நின்ற லாரியின் ஓட்டுநர் தம் கேபினில் இருந்த ஒரு கிலோ தூள் அணைப்பானைக் கொண்டுவந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஐந்தாறு நொடியில் அணைத்தார்.

அணைப்பான்களைப் பற்றி வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் காற்று அசையாத அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வைகாசி முதல் புரட்டாசி வரை முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகிற நிலத்தில், செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் தென்காசிச் சாலையில் அதே வேகத்தில் வீசுகிற நிலத்தில், பைக்கில் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கருவி திறந்தவெளிக் காற்றில் வேலை செய்யுமா? பின்வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

எரிவது எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெட்ரோல் சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடத் தொடங்கிவிடும். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில் அதன் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் இன்ஜினைச் சுற்றித் தாழ்ந்து தங்கும். ஆனால் பைக் தீ பெட்ரோலோடு நின்றுவிடுவதில்லை. அரை நிமிடத்துக்குள் இருக்கையின் பஞ்சு, பக்கவாட்டு பிளாஸ்டிக், வயர்களின் மேலுறை, டயர் ஆகியவை சேர்ந்துகொள்ளும். திரவத் தீயாகத் தொடங்கித் திடப்பொருள் தீயாக மாறுகிற இந்த இரட்டைக் குணம், அணைப்பானைத் தேர்வு செய்யும்போது காற்றுக்கு அடுத்தபடியாக நினைவில் இருக்க வேண்டும்.

தூளா, வாயுவா?

கடைகளில் கிடைக்கும் தூள் அணைப்பான்களில் இரண்டு வகை உண்டு. பெயரில் வரும் ஏ திடப்பொருள் தீயையும், பி திரவத் தீயையும், சி வாயுத் தீயையும் குறிக்கும். பிசி வகையில் சோடியம் பைகார்பனேட் போன்ற தூள் இருக்கும். அது பெட்ரோல் தீயை நன்றாக அடக்கும், ஆனால் இருக்கைப் பஞ்சில் கனன்றுகொண்டிருக்கும் தீயை விட்டுவிடும். ஏபிசி வகையில் இருப்பது மோனோ அமோனியம் பாஸ்பேட். அது தீயின் வேதித் தொடரை அறுப்பதோடு, சூட்டில் உருகித் திடப்பொருளின்மேல் ஏடுபோல் படிந்து காற்றைத் தடுக்கும். பைக்கின் இரட்டைத் தீக்குப் பொருந்துவது ஏபிசிதான். விலையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பலத்த காற்று தூளையும் கலைக்கும் என்றாலும், துகள்களுக்கு எடை இருப்பதால், காற்றுக்கு முதுகைக் காட்டி இரண்டு மீட்டர் தொலைவில் நின்று தீயின் அடியைக் குறிவைத்துத் துடைப்பதுபோல் அடித்தால் பெரும்பங்கு போய்ச் சேரும்.

கரியமில வாயு உருளையின் பெருமை, அது எச்சம் எதையும் விடாது என்பது. கணினி அறைக்கும் மின்பலகைக்கும் அதைவிட நல்லது அரிது. சாலையோரத்தில் அந்தப் பெருமைக்குப் பயனில்லை. இரண்டு கிலோ வாயுவை அடைக்க உயர் அழுத்த உருளை வேண்டும் என்பதால் மொத்த எடை ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். பைக்கில் கட்டுவதற்கு அது ஏற்றதல்ல. வாயு விலகியதும், தணியாத சைலன்சர் சூட்டில் பெட்ரோல் ஆவி மறுபடியும் பற்றும். காவல்கிணற்றில் நாங்கள் கண்டது அதைத்தான்.

இப்போது பயண ஆர்வலர்களிடையே பரவிவரும் பொருள், கைவிளக்குபோல் இருக்கும் ஏரோசல் குச்சி. முனையை உரசினால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் உப்புக் கலவை எரிந்து, வகையைப் பொறுத்து 50 அல்லது 100 நொடிவரை நுண்துகள் புகையைக் கக்கும். அழுத்த உருளை இல்லை, அளவுமானி இல்லை, ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியதில்லை, எடையும் சில நூறு கிராம்தான். தாளில் எழுதிப் பார்த்தால் பைக்குக்காகவே செய்ததுபோல் தோன்றும். நானும் ஒன்று வாங்கும் நிலைக்குப் போனவன்தான். ஆனால் அந்தப் புகை தன் வேலையைச் செய்ய அது தங்குவதற்கு ஓர் அடைப்பு வேண்டும். மூடிய பானெட்டுக்குள் காரின் இன்ஜின் எரியும்போது அது அருமையாக வேலை செய்யும். நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் பைக் இன்ஜினில், அதுவும் மேல்காற்றில், அந்தப் புகை தங்குவதற்கு இடமே இல்லை. கார் வைத்திருப்பவர் இதை வாங்கலாம்; பைக்குக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எச்சம் விடாத 'க்ளீன் ஏஜென்ட்' வகை நான்காவது தேர்வு. திரவத் தாரையாகப் பீச்சுவதால் கரியமில வாயுவைவிட எட்டிப் போகும். மின்னணுப் பாகங்களைக் கெடுக்காது. ஆனால் விலை தூளைப்போலப் பல மடங்கு. அதில் பரவலாகப் பயன்படும் எச்எஃப்சி 236எஃப்ஏ என்னும் பொருள், கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. பல லட்சம் ரூபாய் வண்டி வைத்திருந்து, தூள் பட்டால் வயரிங் போய்விடுமே என்று அஞ்சுபவர்கள் யோசிக்கலாம்.

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏபிசி தூள் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலத்தன்மை பெற்று அலுமினியத்தை அரிக்கும். கனெக்டர்களுக்குள்ளும் ஏர் ஃபில்டருக்குள்ளும் புகுந்துவிடும். தீ அணைந்த அன்றே உலர்ந்த நிலையில் தூளை ஊதி எடுத்து, பிறகு முழுவதுமாகக் கழுவித் துடைக்காவிட்டால், தீயில் தப்பிய வண்டி அரிப்பில் போய்விடும். அந்தத் துப்புரவுக்கு ஆகும் செலவோடு கணக்கிட்டாலும் தூள்தான் முந்துகிறது என்பது என் முடிவு.

மண்ணையும் ஈரச்சாக்கையும் சொல்லாமல் விட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தரையில் பரவிய பெட்ரோல் எரிந்தால் மண்ணை அள்ளிப் போடுவது இன்றும் சரியான வழிதான். இன்ஜின்மேல் அது நிற்காது. நன்றாக நனைத்துப் பிழிந்த சாக்கு டேங்க் மூடியருகே எரியும் சிறு தீயை மூடிவிடும். தண்ணீரை மட்டும் வாளியோடு ஊற்றக் கூடாது: பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது, ஊற்றிய தண்ணீரின்மேல் மிதந்து, பக்கத்தில் நிற்கும் வண்டிவரை தீயைக் கொண்டுபோகும்.

அரைக் கிலோவும் ஒரு கிலோவும்

ஏபிசி என்று முடிவான பிறகு அளவில் ஒரு தடுமாற்றம் வரும். ஒரு கிலோ உருளை எட்டுப் பத்து நொடி அடிக்கும். 500 கிராம் குப்பி அதில் ஏறத்தாழப் பாதி. பயிற்சி இல்லாத கை முதல் இரண்டு நொடியைக் குறி தப்பி வீணாக்கும் என்று வைத்துக்கொண்டால், சிறிய குப்பியில் மிஞ்சுவது மிகக் குறைவு. தனியாகப் போகிறவர் பையில் இடமில்லாமல் சிறியதை வைத்துக்கொள்வது ஒன்றும் இல்லாததைவிட மேல். கூட்டமாகப் போகும்போது, எல்லோருக்கும் பின்னால் வருபவரிடம் ஒரு கிலோ உருளை இருப்பது நான்கு பேரிடம் நான்கு சிறு குப்பிகள் இருப்பதைவிட நல்லது. ஏனெனில் முன்னால் நிற்கும் வண்டியில் என்ன நடந்தாலும் அதைக் கண்டு வந்து சேர்பவர் அவர்தான்.

வாங்கும்போது ஐஎஸ் 15683 என்னும் இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்றும், அளவுமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பார்ப்பது போதும். வைக்கும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பலர் இருக்கைக்கு அடியில் செருகி வைக்கிறார்கள். தீ எழுகிற இடத்திலேயே அணைப்பானை வைப்பதற்கு அது சமம். கிராஷ் கார்டில் கட்டினால், வண்டி சரியும்போது உருளை காலை நசுக்கும், சைலன்சர் சூடும் படும். பின்பக்கத்துப் பையில், சாவி போடாமல், இடக்கையால் இழுத்தவுடன் வரும்படி வைப்பதே சரி. வண்டியின் அதிர்வில் தூள் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும் என்பதால், மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்ட வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியும் இன்ஜெக்‌ஷன் வண்டியும்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாம் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கொண்டவை. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்கும். சாவியை அணைத்தாலும் டேப் திறந்திருந்தால் ஒழுகிக்கொண்டே இருக்கும். புதியதில் மின்பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளும். சாவியை அணைத்தால் பம்ப் நிற்கும், வண்டி கவிழ்ந்தால் பெரும்பாலானவற்றில் சென்சாரே நிறுத்திவிடும். ஆகவே பழைய வண்டியில் ஒழுகல் மெதுவாகவும் ஓயாமலும் இருக்கும். புதியதில் ஹோஸ் வெடித்தால் தாரையாகப் பீச்சும், ஆனால் ஒரு சாவித் திருப்பலில் அடங்கும். முதல் இரண்டு நொடியில் செய்ய வேண்டியதும் அதற்கேற்ப மாறுகிறது: பழையதில் சாவியும் டேப்பும், புதியதில் சாவி அல்லது இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கில் சுவிட்ச்.

தீயை வரவழைப்பதில் இரண்டுக்கும் பொதுவான குற்றவாளிகள் ஹோஸும் வயரிங்கும்தான். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் வாஷர்களையும் உப்பச் செய்து வெடிக்க வைக்கும். அதற்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டியில் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுவதற்குச் சில நூறு ரூபாயே ஆகும். வயரிங்கில் நம் ஊர் வழக்கங்கள் சில அச்சமூட்டுபவை. 12 வோல்ட் வண்டியில் 100 வாட் பல்பு மாட்டினால் எட்டு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். ரிலே வைக்காமல் பழைய சுவிட்ச் வழியாகவே அதைக் கொடுத்தால் வயர் உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிவிடுகிற மெக்கானிக்குகளை இன்றும் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய் கையில் இருந்து, அணைப்பானா ஹோஸும் ஃபியூஸுமா என்று ஒருவர் கேட்டால், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு நான் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

கோடையில் களக்காடு, மணிமுத்தாறு பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய வண்டிகளின் சைலன்சரில் புகையைச் சுத்திகரிக்க இருக்கும் கேட்டலிஸ்ட் சில நூறு டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. காய்ந்த புல்லிலோ பனையோலைச் சருகிலோ வண்டியை நிறுத்தினால் எரியப்போவது வண்டி மட்டுமல்ல. 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கிற காடு அது.

மின்ஸ்கூட்டர் என்றால் கணக்கே வேறு

மேலே சொன்ன ஒப்பீடு மின்ஸ்கூட்டருக்குப் பொருந்தாது. லித்தியம் பேட்டரி தன் உள்சூட்டாலேயே அடுத்தடுத்த செல்களைப் பற்றவைக்கும். தூளோ வாயுவோ வெளிச்சுடரை அடக்கினாலும் உள்ளே வெப்பம் தணியாது, மணிக்கணக்கில் கழித்தும் மீண்டும் எரியலாம். அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். அது தீயணைப்பு வண்டியின் வேலை. பெட்ரோல் தீயில் தவறான பொருளான தண்ணீர், இங்கே சரியான பொருளாகிறது.

புகை இங்கே தீயைவிடக் கொடியது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்வண்டி எரிந்தபோது தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதன்பின் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. வாங்குகிறவர் அந்த விதிக்குப் பிந்தைய வண்டியையே தேடலாம். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி, நிக்கல் வகையைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும், எடையும் கூடுதல். மேலப்பாளையத்தைப்போல் வீடுகள் நெருங்கிய தெருக்களில், வண்டியை நடையில் நிறுத்தி இரவில் சார்ஜ் போடுவது பரவலாக இருக்கிறது. வீட்டிலிருந்து வெளியேற இருக்கும் ஒரே வழியில் அதை வைக்கிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. விழித்திருக்கும் நேரத்தில், திறந்த முற்றத்தில் போடலாம். தீப்பற்றினால் அணைப்பானைத் தேடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

என் பெட்ரோல் வண்டியின் இடப்பக்கப் பையில் இப்போது ஒரு கிலோ ஏபிசி உருளை இருக்கிறது. அடுத்த மாதம் அதை மறுபடி நிரப்பக் கொடுக்க வேண்டும். எப்படியும் கொட்டப்போகிற தூள்தானே என்று, அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைப் பக்கத்து வெற்றுத் திடலில், தகரத் தட்டில் சிறிது பெட்ரோலைக் கொளுத்தி, இதுவரை அணைப்பானின் பின்னையே இழுத்துப் பார்க்காத நண்பர்களின் கையில் அதைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மேல்காற்று நன்றாக அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான், பக்கத்தில் நிரப்பிய இன்னோர் உருளையையும் வைத்துக்கொண்டு.