கல் தின்ற கத்தியா என்று பார்க்க விடும் கடை: கீழக்கரையில் பழைய சவரக்கத்தி வாங்கிய அனுபவம்

கீழக்கரையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தேக்குப் பெட்டி, பித்தளைக் கூஜா, நின்றுபோன சுவர்க் கடிகாரம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். உள்ளே, கண்ணாடி போட்ட மேசை இழுப்பறையில் மடக்குச் சவரக்கத்திகள் ஏழெட்டு கிடந்தன. பழைய கத்தி வாங்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் கடையைத் தைரியமாகச் சொல்வேன். காரணம் விலை இல்லை. கத்தியை முழுசாகப் பார்க்க விடுகிறார்கள், அதுதான் காரணம்.

நான் பாம்பனில் சலூன் வைத்து 26 வருஷம் ஆகிறது. அப்பாவுக்கும் இதே தொழில். அவர் காலத்தில் தீட்டுக்கல்லும், தீட்டிய கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல்வாரும் இல்லாமல் கடை திறக்க முடியாது. இப்போது கடையில் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுகிற கத்திதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, இன்னொருவர் ரத்தம் பட்ட கத்தி வேறொருவர் தோலில் படவே கூடாது. ஆனால் என் முகத்துக்கு நான் போடுவது அப்பா வைத்திருந்த மாதிரி, பிளேடு மாட்டாமல் தீட்டியே போடுகிற முழுக் கத்தி. அப்பாவின் கத்தி தேய்ந்து தேய்ந்து விரல் அகலம்கூட இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் இன்னொன்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன். படத்தில் கண்ணாடி மாதிரி பளபளத்தது, 4,200 ரூபாய். கைக்கு வந்ததும் கல்லில் வைத்தால் கைப்பிடியை ஒட்டிய அடிப்பக்கமும் நுனியும் படுகின்றன, நடுவாய், அதாவது வெட்டும் ஓரத்தின் நடுப்பகுதி, படவில்லை. எவ்வளவு தீட்டியும் நடுவில் மயிர் அறுபடவே இல்லை. பஃப் சக்கரத்தில் போட்டு மெருகேற்றி, தேய்மானத்தை மறைத்துத் தள்ளிவிட்டார்கள். திருப்பி எடுக்கச் சொன்னேன், பதிலே வரவில்லை. அந்தக் காசு போனதைவிட, படத்தைப் பார்த்து முடிவு செய்தேனே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் இந்தக் கடையில் மேசைக்குப் போனவுடன் கடைக்காரரிடம் (இந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்), "காக்கா, கத்தியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாப் பாருங்க தம்பி, மேசைக் கண்ணாடியிலயும் வச்சுப் பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும்.

கல் தேய்மானம் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சவரக்கத்தியைத் தீட்டும்போது வெட்டும் வாயும், அதற்கு எதிரே உள்ள தடித்த முதுகும் ஒரே நேரத்தில் கல்லில் படும். முதுகுதான் கோணத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, நம் கை பிடிக்க வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு இழுப்பிலும் வாயோடு சேர்ந்து முதுகும் கொஞ்சம் தேயும். முதுகின் இரண்டு பக்கமும் தட்டையாக ஒரு பட்டை விழும். அப்பா இதைத்தான் "கல்லு தின்ன இடம்" என்பார். ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ அகலத்தில், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இருந்தால் அது நல்ல கத்தி. பொறுமையான கை பழக்கிய கத்தி என்று அர்த்தம். பட்டை நுனியில் அகன்று அடியில் மெலிந்திருந்தால் தீட்டியவர் நுனியை அழுத்தியிருக்கிறார். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் நூல் மாதிரி என்றால் கத்தி முறுக்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்கமே அழுத்தித் தீட்டியிருக்கலாம். கல்லே நடுவில் குழிந்திருந்தாலும் தேய்மானம் ஒரே சீராக இருக்காது.

இழுப்பறையில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி. வாலில், அதாவது அலகுக்குப் பின்னால் கைப்பிடியில் சேரும் தண்டில், நட்சத்திரமும் சிலுவையும் நல்ல ஆழமாகத் தெரிந்தன, பக்கத்தில் 'இங்கிலாந்து' என்று ஆங்கில எழுத்தில். அமெரிக்கா 1890-ல் கொண்டுவந்த இறக்குமதி வரிச் சட்டம், வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதனால் நாட்டுப் பெயர் பொறித்த கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. உடம்பெல்லாம் பழுப்பும் கறுப்புமாக இருந்தது, கைப்பிடி மாட்டுக்கொம்பு. கொழும்பில் வியாபாரம் செய்த ஒரு வீட்டின் பெட்டிக்குள் இருந்ததாகக் காக்கா சொன்னார். கொழும்போடு இந்த ஊருக்கு இருக்கும் பழைய தொடர்புக்கு அது நம்பக்கூடிய சங்கதிதான். மற்றொன்று ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி, இரண்டு பக்கமும் ஆழமாகக் குழித்தது, தகதகவென்று மின்னியது. ராட்ஜர்ஸ் 1,800 ரூபாய், சோலிங்கன் 3,000.

வாசலில் நின்று ராட்ஜர்ஸின் முதுகைச் சாய்த்துப் பிடித்தேன். வெயில் பட்டையின் மேல் விழுந்ததும் அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் ஒரு வெள்ளிக் கோடு ஓடியது. கோட்டின் இரண்டு கரையும் நகத்தால் கீறினமாதிரி கூர்மை. கரை கூர்மையாக இருந்தால் சக்கரம் படவில்லை என்று பொருள். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல் விட்ட பட்டைக்கு எப்போதும் திட்டமான ஓரம் இருக்கும், மெருகுச் சக்கரம் அந்த ஓரத்தைத்தான் முதலில் மழுங்கடிக்கும். சோலிங்கனைச் சாய்த்தபோது கோடே இல்லை. முதுகிலிருந்து வழிந்துபோன மாதிரி ஒரு மினுமினுப்பு மட்டும் இருந்தது. வாலில் உள்ள முத்திரை எழுத்துகளும் சோப்பில் எழுதியது போலக் கரைந்திருந்தன.

பிறகு மில்லிமீட்டரில் நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்தேன். ராட்ஜர்ஸின் அகலம் அடியில் 17.2 மி.மீ., நடுவில் 17.0, நுனியில் 16.9. முதுகின் கனம் அதே வரிசையில் 5.1, 4.9, 4.8. கனத்தை அகலத்தால் வகுத்து 57-ஆல் பெருக்கினால் வாயின் கோணம் டிகிரியில் கிட்டத்தட்ட வந்துவிடும். இதில் 16-க்கும் 17-க்கும் இடையில் நின்றது, முகத்துக்கு அருமையான கோணம். சோலிங்கனில் அடி 15.8, நடு 14.3, நுனி 15.2. அடியைவிட நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. மேசைக் கண்ணாடியில் படுக்க வைத்துப் பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்தேன். நடுவாய்க்குக் கீழே பிறைபோல வெளிச்சம் வந்தது. உள்பக்கம் வளைந்த வாய். இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அடியையும் நுனியையும் நடுவின் மட்டத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும், கத்தி இன்னும் ஒடுங்கிவிடும். வாய் வெளிப்பக்கம் லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, உருட்டித் தீட்டலாம், சில கத்திகளைச் செய்யும்போதே அப்படித்தான் செய்வார்கள்.

இதைக் காக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் வெளிச்சப் பிறையைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கிட்ட வரும்போதே மெருகு போட்டுத்தான் வந்துச்சு தம்பி. எனக்கு இது தெரியாது" என்றார். விலையைக் குறைத்து என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. "அப்ப இதை சவரத்துக்குன்னு விக்க மாட்டேன், அலமாரியில வைக்கிறவங்களுக்குக் குடுக்கறேன்" என்று தனியே எடுத்து வைத்தார். எந்தக் கடையிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

குறைகளும் உண்டு. கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார்கள், அது நாளாக நாளாகப் பிசினாகிவிடுகிறது. தையல் மிஷின் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறேன். நம் கடற்காற்றில் இது சின்ன விஷயம் இல்லை. உப்பு ஈரம் வாயில் ஊசிக்குத்து மாதிரி குழி பறித்துவிடும், அந்தக் குழி கல் தேய்மானத்தைவிட மோசம். தீட்டத் தீட்ட வாய் உதிர்ந்துகொண்டே வரும். கறுப்புப் படலம் ஒன்றும் செய்யாது, சிவப்புத் துரு வாய்க்கு ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தால் வாங்காதீர்கள். செல்லுலாய்டு (பழைய காலத்து பிளாஸ்டிக்) கைப்பிடிக் கத்திகளையும் மற்றவற்றோடு ஒரே இழுப்பறையில் போட்டிருக்கிறார்கள். பழைய செல்லுலாய்டு சிதைய ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்துக் கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும். உள்ளே ஒரே ஒரு டியூப்லைட், அதில் எதுவும் தெரியாது. வெயில் நேரத்தில் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை கிடையாது.

ராட்ஜர்ஸை வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாய் முழுக்கக் கல்லில் படுகிறதா என்று பார்க்க அதில் மார்க்கர் பேனா பூசி, கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். மை அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் போயிருந்தது. நுனியில் மட்டும் அரை மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு நின்றது, இரண்டாவது இழுப்பில் அதுவும் போனது. முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டித்தான் தீட்டினேன், இனிமேல் அந்தப் பட்டை என் கையால் அகலக் கூடாது. கோணம் ஒரு டிகிரி அளவுக்குக் கூடும், தாடி கெட்டியான எனக்கு அது நல்லதுதான். பிறகு அப்பாவின் தோல்வாரில் அறுபது இழுப்பு. அடுத்த நாள் காலையில் தாடைக்குக் கீழே எதிர்மயிரில் இழுத்தபோது சத்தமே இல்லை.

கடையில் இன்னும் நாலைந்து இருக்கின்றன. அதில் கறுப்புக் கைப்பிடி போட்ட அகலக் கத்தி ஒன்றைப் பாருங்கள். அடியில் வாயின் ஓரம் கொக்கி மாதிரி நீட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது, ஆனால் முதுகுப் பட்டை சீராக இருக்கிறது. தீட்டத் தெரிந்தவர் கையில் அது பிழைத்துவிடும். அளக்க வெர்னியர் நீங்களே கொண்டு போக வேண்டும், கடையில் கிடையாது.