டொமைன் யார் பெயரில் இருக்கிறது? ஹோஸ்டிங் வாங்குமுன் இதைப் பாருங்கள்

தொழிலுக்கு வெப்சைட் வைத்திருப்பவர்கள், வைக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். டொமைன் என்பது வெப்சைட்டின் முகவரிப் பெயர்; ஹோஸ்டிங் என்பது சைட்டை வைக்க சர்வரில் வாடகைக்கு எடுக்கும் இடம். கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. உள்ளூரில் ஒருவர் வந்து, "டொமைன், ஹோஸ்டிங், மெயில் எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம் சார், நீங்க தறியைப் பாருங்க" என்றார். ஒரு வருஷத்துக்கான பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஜிஎஸ்டி பில்லும் கொடுத்தார். அவர் பெயரை எழுதவில்லை. இதே முறையில் தொழில் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த முறையைத்தான் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்கும். ஸ்டாலில் கார்டு வாங்கிப் போகும் பையர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் மெயில் போடுவார்கள். எங்கள் வருஷ ஆர்டரில் பெரும்பங்கு அந்த மெயில்களில் வருவது. சரியாக அந்த நேரத்தில் வெப்சைட்டைத் திறந்தால் 'அக்கவுண்ட் சஸ்பெண்டட்' என்று வந்தது. மெயிலும் அதே சர்வரில் இருந்ததால் பையர்கள் அனுப்பியதெல்லாம் பவுன்ஸ் ஆகித் திரும்பியது. கம்பெனி இருக்கிறதா, மூடிவிட்டீர்களா என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்.

"சர்வர் மெயின்டனன்ஸ் சார், சாயங்காலம் வந்துடும்" என்றார் இவர். பிறகு போனை எடுக்கவே இல்லை. விசாரித்ததில்தான் தெரிந்தது, அவர் வெறும் ரீசெல்லர். பெரிய கம்பெனி ஒன்றிடம் மொத்தமாக இடம் வாங்கி, எங்களைப் போன்றவர்களுக்குப் பிரித்து விற்கிறவர். நாங்கள் கட்டிய பணத்தை அவர் மேலே கட்டவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோருடைய சைட்டும் ஒன்றாகப் படுத்துவிட்டது. சர்வர் வைத்திருக்கும் கம்பெனிக்கு எழுதினோம். எங்கள் வாடிக்கையாளர் அவர்தான், உங்களிடம் பேச முடியாது என்று பதில் வந்தது.

சரி, வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்ற, டொமைன் பேனல் (டொமைனை நிர்வகிக்கும் பக்கம்) வேண்டும். டொமைனோ அவர் பெயரில், அவர் மெயில் ஐடியில் பதிவாகியிருந்தது! எங்கள் நிறுவனப் பெயர், பணம் எங்களுடையது. ஆனால் பதிவில் நாங்கள் இல்லவே இல்லை. பில்லிலும் 'வெப்சைட் பராமரிப்பு' என்ற ஒற்றை வரிதான், டொமைன் என்ற சொல்லே கிடையாது. டொமைன் என்பது நிலப் பத்திரம் மாதிரி. பத்திரம் எவர் பெயரில் இருக்கிறதோ நிலம் அவருடையது. டொமைனை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடுதான் ஆத் கோடு. அதைக் கேட்டால் 5 நாட்களுக்குள் ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கொடுக்க வேண்டும் என்று, டொமைன்களை ஒழுங்குபடுத்தும் சர்வதேச அமைப்பான ஐகேனின் விதி இருக்கிறது. கேட்கும் உரிமை பதிவில் உள்ள உரிமையாளருக்குத்தான். எங்கள் விஷயத்தில் அந்த விதி அவருக்குத்தான் காவல் நின்றது.

'ரிலீஸ் சார்ஜ்' என்று 40,000 ரூபாய் கேட்டார். லேபிள், அட்டைப்பெட்டி, பையர்களின் சப்ளையர் பட்டியல் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். பேசிக் குறைத்து 25,000 கொடுத்து மீட்டோம். பணம் போனதைவிட ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. டொமைன் கையில் இருப்பவர், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் நமக்கு வரும் மெயில் முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நம் ஐடியிலிருந்தே பையருக்கு 'பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று எழுதலாம். ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பேக்கப். "தினமும் எடுக்கிறோம் சார்" என்றார். எடுத்தது உண்மைதான், ஆனால் வைத்திருந்தது அதே அக்கவுண்டுக்குள். பணம் கட்டாத அக்கவுண்டைக் குறிப்பிட்ட நாள் கழித்து அழித்துவிடுவார்கள் என்பதால் சைட்டும் பேக்கப்பும் சேர்ந்தே போயின. மெயில்பாக்ஸைப் புதிதாக உருவாக்கியதும் ஐமேப் முறையில் (சர்வரில் இருப்பதையே கம்ப்யூட்டரிலும் வைக்கும் முறை) இருந்த அவுட்லுக் காலிப் பெட்டியோடு சிங்க் ஆகி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பழைய மெயில்களையும் துடைத்துவிட்டது. அதில் போனது ஒரு ஜெர்மன் பையரின் லேப் டிப் அப்ரூவல், அதாவது சாய மாதிரியின் நிறத்துக்குக் கொடுத்த ஒப்புதல். சரக்கு போய்ச் சேர்ந்ததும் 'ஷேடு ஒத்துவரவில்லை' என்றார்கள். அவர்களே ஓகே சொன்ன மெயிலைக் காட்ட வழியில்லாமல் கேட்ட தள்ளுபடியைக் கொடுத்தோம். பெரிய கம்பெனி என்றால் தப்பித்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, தனியாக வேறு இடத்தில் நகல் வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். வாரம் ஒருமுறையாவது சைட்டையும் மெயிலையும் நம் ஆபீஸ் ஹார்டு டிஸ்கில் இறக்கி வைத்தாக வேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 2019 சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுவனம் என்றால் சிவில் வழக்குதான், அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

விளம்பரங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 99.9 சதவீத அப்டைம் என்றால் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிஷம் சைட் படுத்திருக்கலாம் என்று பொருள். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் விதிமுறையில் ஐநோடு எண்ணிக்கைக்கு, அதாவது எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பதற்கு, உச்சவரம்பு இருக்கும். சைட்டுக்கான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டார் இவர்; லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை 2015 முதல் இலவசமாகவே கொடுக்கிறது. முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காமல் ரின்யூவல் விலையை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது டொமைனை எங்கள் சொந்த அக்கவுண்டில், எங்கள் கார்டில் நேரடியாக ரிஜிஸ்ட்ராரிடம் வைத்திருக்கிறோம். ஹோஸ்டிங் இன்னொரு கம்பெனியில், மெயில் மூன்றாவது ஒன்றில். வருஷச் செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஹோஸ்டிங் படுத்தாலும் மெயில் ஓடும்.

உங்கள் சைட்டை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் இன்றே சோதியுங்கள். டொமைன் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்ட்ரார் பதிவுதாரருக்கு நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். டாட் காம் டொமைன் வைத்திருந்து அந்த மெயில் உங்களுக்கு ஒருபோதும் வந்ததில்லை என்றால், பதிவில் இருப்பது பெரும்பாலும் வேறொருவரின் மெயில் ஐடிதான். அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே, அடுத்த ரின்யூவல் பணத்தைக் கொடுக்குமுன், பதிவை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.