நடக்கும் உரிமைக்கு மூன்று சட்ட வழிகள்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா

மலைப்பாதைகளுக்காகவும் பொது நிலங்களுக்காகவும் குரல் கொடுப்பவர்கள் எல்லோரும் கேட்பது, மக்கள் தடையின்றி நடக்க இடம் வேண்டும் என்பதுதான். ஆனால் அதைச் சட்டத்தில் எந்த வடிவில் எழுதுவது என்பதில்தான் பலன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்து வரைபடத்தை நம்பியது. 1932 ஏப்ரல் 24 அன்று தனியார் நிலமாக இருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறியவர்களில் ஐவர் சிறைக்குச் சென்றனர். சுற்றித் திரியும் உரிமை சட்டமாக 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் மலை, மேட்டுத் தரிசு, புதர்வெளி, பதிவு பெற்ற பொது மேய்ச்சல் நிலம் என வரைபடத்தில் குறித்த இடங்களுக்கு மட்டுமே. நாட்டின் பரப்பில் அது சுமார் 8 சதவீதம். சுற்றிலும் தனியார் நிலம் சூழ்ந்திருப்பதால், உரிமை இருந்தும் சட்டப்படி சென்றடைய வழியில்லாத துண்டு நிலங்களும் அதில் உண்டு. இம்முறையின் அடிப்படைக் குறை, உரிமையை நிரூபிக்கும் சுமை நடப்பவர் தலையில் விழுவதே. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கூடாரமடித்துத் தங்கும் வழக்கம், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு' என்ற ஒரு தொடரின் பொருளைச் சார்ந்து நின்றது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் உரிமை திரும்பியது. 2025 மே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு செல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதே அங்கே பொது விதி. வீடும் அதை ஒட்டிய தோட்டமும், பயிர் நிற்கும் வயலும், மோட்டார் வாகனப் பயணமும் விலக்குகள். அந்த உரிமையைக் காக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்களின் மீதே சட்டம் சுமத்தியிருப்பதைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நாய்களை அவிழ்த்துவிட்டால் ஆட்டுக்குட்டிகள் என்னாகும் என்று உழவர்கள் கவலைப்படுவது நியாயமானது, 'பொறுப்போடு' என்ற சொல் அதற்காகவே சட்டத்தில் இருக்கிறது. கூட்டம் மிகுந்த இடத்தில் இம்முறை திணறவும் செய்கிறது: லாக் லோமண்ட் ஏரிக்கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரமடிக்க அனுமதி பெற வேண்டும் என்று 2017 முதல் துணைவிதி வந்தது. எனினும் அங்கே கட்டுப்பாட்டுக்குக் காரணம் காட்ட வேண்டியது அரசுத் தரப்பே.

அமெரிக்கா பணம் கொடுத்து வாங்கியது. நிலம் வாங்க 1964இல் ஒரு நிதி தொடங்கப்பட்டது. கடலடி எண்ணெய், எரிவாயு வருவாய் பின்னர் அதன் முக்கிய ஆதாரமானது. பல ஆண்டுகள் அதில் பெரும்பகுதி வேறு செலவுகளுக்குப் போனபின், 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 90 கோடி டாலரை நிலையாக உறுதி செய்தது. 14 மாநிலங்களைக் கடக்கும் சுமார் 3,500 கிலோமீட்டர் நீள அப்பலாச்சியன் நடைபாதையைச் சுற்றிய நிலம் ஏறக்குறைய முழுவதும் இன்று பாதுகாப்பில் இருப்பதற்கு நிலக் கொள்முதலே முக்கியக் காரணம். பத்திரம் கையில் இருக்கும் உறுதி வேறெதிலும் இல்லை. ஆயினும் மேற்கு மாநிலங்களில் தனியார் நிலம் சூழ்ந்து, பொதுமக்கள் நுழைய முடியாத பொது நிலங்கள் ஏராளம். இங்கிலாந்தின் துண்டு நிலங்களின் சிக்கலே இங்கும் வருகிறது.

ஆகவே புதிதாகச் சட்டம் கேட்போர் ஸ்காட்லாந்தின் பொது விதியையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதோடு அமெரிக்காவின் அதே 2020ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புக்கெனத் தனியே பணம் ஒதுக்கியதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், ஏனெனில் மழையில் அரித்துப்போன மலைப்பாதையைச் சீர்செய்யக் கூலியும் கல்லும் தேவை, உரிமைப் பிரிவு எதுவும் அதைத் தருவதில்லை.